இல்லாளின் நித்திரை

திருவள்ளுவர் தம் மனைவி வாசுகியம்மையார் மறைந்தபொழுது பாடியதாக ஒரு வெண்பா நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தமக்குப் பின்னர்த் துயின்று, தமக்கு முன்னர் விழித்தெழுந்த அம்மையாரின் குணத்தை அதிலே அவர் எடுத்துச் சொல்லி, இத்தகையாள் போனபின் இரவிலே தம் கண்கள் எவ்வாறு உறங்கும் என்று ஏங்குகின்றார். அது வள்ளுவர் வாய்ச்சொல்தானா என்பதைப் புலவர்கள் ஆராயட்டும். வகுப்பிலே அதனைப் படிப்பிக்குந்தோறும் எமது மனத்தில் எழும் வினா வேறு. கணவரின் நித்திரைக்காக இரங்குவதற்கு ஒரு பாட்டு இருக்கின்றது. அந்த அம்மையாருக்கு எத்தனை நாழிகை நித்திரை வாய்த்தது என்று எவரேனும் கேட்டதுண்டா?

கேட்கப்படாத அவ்வினாவை இன்று வைத்திய சாத்திரம் கேட்கத் தொடங்கியிருக்கின்றது. விடைகள் நம் வீடுகளுக்கு உவப்பானவை அல்ல.

பின்னே துயின்று முன்னே எழுதல் இன்றும் நம் குடும்பங்களிற் பெண்ணுக்குரிய இலக்கணமாகவே இருக்கின்றது. இந்நாட்டிலே பாடசாலை காலை ஏழரை மணிக்குத் தொடங்குகின்றது. பிள்ளை ஏழரைக்கு வகுப்பில் இருக்க வேண்டுமாயின், தூரத்துப் பிள்ளை ஆறரைக்கு முன்னரே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். புறப்படுமுன் உண்ண வேண்டும். கையிலே ஒரு சாப்பாட்டுப் பொதியும் வேண்டும். இடியப்பம் பிழிந்து அவித்து, சம்பல் இடித்து, சொதி வைத்து, மதியத்துக்குச் சோறும் இரண்டு கறியும் ஆக்கி முடிப்பதற்குத் தாயானவள் நான்கு மணிக்கேனும் அடுப்படியில் நின்றாக வேண்டும். மாலையிலே பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புதலும் அழைத்து வருதலும். உத்தியோகம் பார்ப்பவளாயின் நெருக்கடியான பஸ்ஸில் நின்றபடியே வீடு திரும்பிய களைப்பு வேறு. இரவுச் சமையல், பாத்திரம், நாளைய சீருடை. உயர்தர வகுப்பு மகன் பதினொரு மணிவரை புத்தகத்தோடு விழித்திருந்தால், அவனுக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுப்பதற்காகத் தாயும் விழித்திருப்பாள். பதினொன்றுக்குச் சாய்ந்த தலை நான்கு மணிக்கு நிமிர்கின்றது. இடையில் உள்ளது ஐந்து மணிநேரம்.

வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழு மணிநேரமேனும் நித்திரை வேண்டும் என அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகமும் நித்திரை ஆராய்ச்சிச் சங்கமும் 2015 ஆம் ஆண்டிற் கூடி ஆராய்ந்து முடிவு கூறின. ஏழிலே ஐந்து போக எஞ்சுவது இரண்டு. இரண்டு மணிநேரம் வாரத்திலே பதினான்காகின்றது. அஃதாவது, ஏழு இரவு படுத்தெழுந்த தாயொருத்தி உண்மையில் ஐந்து இரவுக்குரிய நித்திரையையே பெற்றிருக்கின்றாள். சிவராத்திரிக்கு ஆண்டிலே ஓரிரவு கண்விழித்தலை விரதம் என்கின்றோம். வாரந்தோறும் இரண்டு இரவு விழிப்பவளின் விரதத்துக்கு நாட்காட்டியிலே இடமில்லை.

நித்திரை என்பது உடல் சும்மா கிடக்கும் காலம் என்ற எண்ணம் முன்னர் இருந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் 1953 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த எண்ணத்தை மாற்றிற்று. உறங்குவோரின் கண்ணிமைகளுக்குள் விழிகள் விரைவாக அசையும் வேளைகள் உண்டு என்பதையும், கனவுகள் பெரும்பாலும் அவ்வேளைகளிலே நிகழ்கின்றன என்பதையும் அவர்கள் கண்டனர். இப்பொழுது நாம் அறிவது இது: ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஓரிரவில் நான்கு அல்லது ஐந்து சுற்றுக்களாக நித்திரை நடைபெறுகின்றது. உடலைச் சீர்செய்யும் ஆழ்ந்த நித்திரை இரவின் முற்பகுதியிலே மிகுதி. மனத்தைச் சீர்செய்வதிலும் நினைவுகளை ஒழுங்குபடுத்துவதிலும் பங்குகொள்ளும் கனவு நித்திரை, விடியலை அண்டிய பிற்பகுதியிலே மிகுதி. ஆகவே நான்கு மணிக்கு எழுபவள் இழப்பது ஏழிலே இரண்டு பங்கு மாத்திரமன்று. கனவு நித்திரையின் பெரும் பகுதியை அவள் அடுப்புக்குக் கொடுத்து விடுகின்றாள்.

"எனக்கு இது பழகிவிட்டது" என்று சொல்லாத தாய் இல்லை. பெற்றோர் கூட்டங்களிலே பின்வரிசையில் அமர்ந்தபடியே கண்ணயரும் அன்னையரை எழுப்பி விசாரித்தாலும் இதுவே விடை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையொன்று இவ்விடையை நேராகப் பரிசோதித்தது. இரண்டு வாரம் நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் மாத்திரம் படுக்க விடப்பட்டவர்களின் கவனமும் நினைவும் நாள்தோறும் குறைந்துகொண்டே வந்தன. ஈற்றிலே அவர்கள், தொடர்ந்து கண்ணை மூடவே விடப்படாதவரின் நிலையை எட்டினர். வியப்பு என்னவெனில், தாம் அவ்வளவு கெட்டுப் போயிருப்பதை அவர்கள் உணரவில்லை. "சற்றே அலுப்பு, வேறொன்றுமில்லை" என்ற அளவிலேயே அவர்கள் தம்மை மதிப்பிட்டனர். உடல் பழகுவதில்லை, உணர்வுதான் மழுங்குகின்றது. அவுஸ்திரேலியாவிலே 1997 இல் நடந்த வேறோர் ஆய்வு, பதினேழு மணிநேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் ஏறியவரின் நிலைக்குத் தடுமாறுவதைக் காட்டிற்று. நான்கு மணிக்கு எழுந்தவளுக்குப் பதினேழாவது மணி இரவு ஒன்பதுக்கு வருகின்றது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன்னும் அரிவாளின் முன்னும் அவள் நிற்கும் வேளை அது.

இனி, உடலுக்கு நேர்வதைப் பார்ப்போம். இவ்விடத்திலே ஒரு குறையைச் சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. நித்திரைக் குறைவால் உடலின் சர்க்கரைக் கட்டுப்பாடு தளர்கின்றது என்று 1999 ஆம் ஆண்டிற் சொன்ன பெயர்பெற்ற சோதனை, இளம் ஆடவர் பதினொருவரைக் கொண்டு செய்யப்பட்டது. நித்திரை குறைந்தாற் பசியைத் தூண்டும் ஓமோன் கூடிப் பசியை அடக்கும் ஓமோன் குறைகின்றது என்று 2004 இற் சொன்ன சோதனைக்கும் ஆடவர் பன்னிருவரே உட்பட்டனர். பெண்ணின் உடல் மாதச் சுற்றோடு மாறுவதால் கணக்குக் குழம்பும் என்று அவளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆணுக்குக் கண்டதைப் பெண்ணுக்கும் பொருத்துவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. குழம்புவது எதுவோ அதையன்றோ முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும்?

அந்தக் குறை சிறிது சிறிதாக நீங்கி வருகின்றது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே முப்பத்தெட்டுப் பெண்கள் பங்குபற்றினர். நாளும் ஏழு மணிநேரத்துக்குக் குறையாது உறங்கிவந்த இவர்கள், ஆறு வாரங்களுக்குத் தம் நித்திரையை ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் குறைத்துக் கொண்டனர். படுக்கும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினரேயன்றி இரவிரவாக விழித்திருந்தவர்கள் அல்லர். நம் வீடுகளில் நடப்பதும் இதுதான். ஆறு வார முடிவிலே அவர்களின் உடல் இன்சுலினுக்கு இணங்காத தன்மை ஏறக்குறைய 15 வீதம் மிகுந்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே அது 20 வீதம் வரை சென்றது. உடற்பாரம் கூடியதனால் வந்த மாற்றம் அன்று அது. நீரிழிவு மலிந்த இந்நாட்டிலே, அந்நோய் வந்த பெண்ணிடம் சீனியைக் குறை, சோற்றைக் குறை என்போரே பலர். எத்தனை மணிக்குப் படுக்கின்றாய் என்று கேட்போரைக் காண்பது அரிது.

இதயத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவிலே 1976 இல் தொடங்கிய தாதிமார் ஆய்வில் இடம்பெற்ற 71,000 க்கு மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டு காலம் அவதானித்து 2003 இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஐந்து மணிநேரமும் அதற்குக் குறைவாகவும் உறங்கியவர்களுக்கு, எட்டு மணிநேரம் உறங்கியவர்களிலும் பார்க்க ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இதய நாடி நோய் கண்டது. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுதல் வேறு, ஒன்று மற்றதற்குக் காரணமாதல் வேறு; இவ்வகை ஆய்வு முன்னதை மாத்திரமே காட்டும். ஆயினும் அமெரிக்க இதயச் சங்கம் 2022 ஆம் ஆண்டிலே இதய நலத்துக்கு இன்றியமையாதவை என வகுத்த எட்டிலே, புகையிலை தவிர்த்தலோடும் இரத்த அழுத்தத்தோடும் நித்திரையையும் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது.

மனத்துக்கு வருவதை வீட்டார் நோயென்றே எண்ணுவதில்லை. "அம்மா இப்பொழுது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகின்றாள்" என்பர். மறதி, அழுகை, எதிலும் பற்றின்மை ஆகியவற்றுக்குப் பின்னால் நித்திரையின்மை நிற்பதைப் பலர் காண்பதில்லை. மனச்சோர்வு வந்தமையால் நித்திரை கெடுகின்றது என்றே முன்னர்க் கருதினர். நித்திரை முன்னர்க் கெட்டு மனச்சோர்வு பின்னர் வருவதும் உண்டு என்பது இப்பொழுது தெளிவாகியிருக்கின்றது. 2011 இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கியபோது, நித்திரையின்மையால் வருந்துவோருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏனையோரைப் போல் இரு மடங்காகக் காணப்பட்டது.

இதுவரை சொன்னது நேரமின்மையால் இழக்கும் நித்திரை. நேரம் இருந்தும் வாராத நித்திரை ஒன்று உண்டு. அதிலும் பெண்களே முந்தி நிற்கின்றனர். ஆண்களிலும் பார்க்கப் பெண்களுக்கு நித்திரையின்மை ஏறக்குறைய 40 வீதம் மிகுதி என்று 2006 ஆம் ஆண்டின் தொகுப்பாய்வொன்று கூறும். காரணங்களிற் சில உடலிலேயே இருக்கின்றன. மாதச் சுற்றின் பிற்பாதியிலே உடற்சூடு அரைப்பாகை அளவு உயர்ந்து நிற்கும். உறக்கத்துக்குத் துணைபோகும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் மாதவிடாய்க்குச் சற்று முன்னர்ச் சடுதியாக இறங்கும். அந்த நாலைந்து இரவுகளிற் புரண்டு படுப்பது பெண்ணின் மனக்கோணல் அன்று. கர்ப்பிணிக்கோ, குழந்தையின் பாரமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் நெஞ்செரிவும் போதாதென்று தேநீரும் பகையாகின்றது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் பாதியளவு உடலை விட்டு நீங்குவதற்குச் சாதாரணமாக ஐந்து மணிநேரம் செல்லும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலே அதனினும் இரண்டு மூன்று மடங்கு செல்லும். மாலை நான்கு மணிக்குக் குடித்த சாயத் தேநீர் நள்ளிரவிலும் அவளோடு விழித்திருக்கும்.

இனிக் கால் உளைவு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகின்றோம், ஏனெனில் தீர்க்கக்கூடிய துன்பம் ஒன்று நம் வீடுகளில் தீராமலே கிடக்கின்றது. படுக்கையிற் சாய்ந்ததும் கெண்டைக்காலிலே இன்னதென்று சொல்ல முடியாத ஓர் ஊறல், ஓர் உளைவு. அசைக்காமல் இருக்க முடியாது. எழுந்து நடந்தாற் சுகம். மீண்டும் படுத்தால் மீண்டும் வரும். பாட்டிமார் பேரப்பிள்ளையை அழைத்துக் காலை மிதிக்கச் சொல்வது இதற்குத்தான். நல்லெண்ணெய் தடவுவர், துணியால் இறுகக் கட்டுவர். "வேலைக் களைப்பு" என்றே எல்லாரும் சொல்வர். சுவீடன் நாட்டு வைத்தியர் கார்ல் அக்செல் எக்பொம் 1945 ஆம் ஆண்டிலே இதனைத் தனி நோயாக விரித்தெழுதி, அமைதியற்ற கால்கள் என்று பெயரிட்டார். ஆண்களிலும் பார்க்கப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு மிகுதி. கர்ப்ப காலத்தில் இன்னும் மிகுதி.

இதன் பின்னால் பலமுறை ஒளிந்திருப்பது இரும்புச்சத்துக் குறைவு. மாதந்தோறும் குருதி இழப்பவளும், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவளும், எல்லாருக்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்பவளும் இரும்புச்சத்துக் குறைந்தவளாயிருப்பதில் வியப்பில்லை. வழக்கமான குருதிப் பரிசோதனையிலே குருதி போதியதாகத் தோன்றினாலும், உடலிற் சேமிப்பாக உள்ள இரும்பு வற்றிப் போயிருக்கலாம். அந்தச் சேமிப்பை அளப்பதற்கு பெரிற்றின் என்னும் தனிப் பரிசோதனை உண்டு. கால் உளைவையும் நித்திரையின்மையையும் ஒருங்கே எடுத்துச் சொன்னால் வைத்தியர் அதனைச் செய்விப்பார். குறைவு கண்டால் இரும்புச்சத்து மாத்திரையால் பலருக்கு உளைவு தணிகின்றது. மாத்திரையை வைத்தியர் அளவு சொல்லியே உண்ண வேண்டும். இரும்பு மிகினும் தீங்கே. உணவோடு தேநீர் குடிக்கும் நம் வழக்கம் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரமேனும் விடுதல் நன்று. சைவ உணவினர் கீரையோடும் பயற்றோடும் தேசிக்காய்ப் புளி சேர்த்துக்கொண்டால் அவற்றிலுள்ள இரும்பு எளிதாகச் சேரும்.

குறட்டையைப் பெண்ணோடு சேர்த்துப் பேசுவது நம்மவருக்கு நகைப்பாகத் தோன்றும். ஆயினும் உறக்கத்திலே தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய் பெண்களுக்கும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே உத்தியோகம் பார்ப்போரைச் சோதித்து 1993 இல் வெளியிட்ட ஆய்விலே, நடுவயது ஆண்களில் 24 வீதத்தினருக்கும் பெண்களில் 9 வீதத்தினருக்கும் உறக்கத்தில் மூச்சு இவ்வாறு தடைப்பட்டது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இது மிகுகின்றது. ஆணுக்கு இந்நோய் வந்தால் வீடு அதிரக் குறட்டை கேட்கும். பகலிலே இருந்த இடத்தில் உறங்குவார். பெண்ணோ காலையிலே தலையிடி, ஓயாத களைப்பு, இரவிலே காரணமின்றி விழிப்பு, மனவாட்டம் என்றே முறையிடுவாள். ஆகவே அவளுக்கு மனநோய் என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ முத்திரை குத்திவிடுவது எளிது. இன்னொரு காரணமும் உண்டு. கணவருக்கு மூச்சு நிற்பதை மனைவி கண்டு வைத்தியரிடம் சொல்லுகின்றாள். மனைவிக்கு மூச்சு நிற்பதைக் கணவர் காண்பதில்லை. அவர் நன்றாக உறங்கிக் கொண்டிருக்கின்றார். கவனியாது விட்டால் இரத்த அழுத்தமும் இதய நோயும் இதனைத் தொடரும். அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் 1981 இல் அறிமுகஞ் செய்த, மூக்கிலே பொருத்திக் காற்றை மென்மையாகச் செலுத்தும் கருவி இதற்கு இன்றும் சிறந்த பரிகாரமாயிருக்கின்றது.

ஐம்பது வயதை அண்டி மாதவிடாய் நிற்குங்காலத்திலே திடீரென முகமும் மார்பும் கொதித்து வியர்த்து நித்திரை கலைவதைப் பெண்கள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெட்கமும் ஒரு காரணம். "வயதானால் இப்படித்தான்" என்ற மூத்தோர் சொல்லும் ஒரு காரணம். ஓரிரு மாதத்திலே போய்விடும் என்று காத்திருப்போர் அறிய வேண்டியது, அமெரிக்காவில் 2015 இல் வெளியான நெடுநாள் ஆய்விலே இக்கொதிப்பு நீடித்த காலம் நடுவளவாக ஏழாண்டுக்கு மேலாகக் காணப்பட்டது என்பதே. ஏழாண்டு பொறுத்துக் கிடக்க வேண்டுவதில்லை, சிகிச்சை உண்டு. அவரவர் உடல்நிலை நோக்கி வைத்தியரே அதனைத் தெரிதல் வேண்டும்.

உடலைச் சாராத காரணங்களும் நம் பெண்களுக்கு உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் 2009 இல் முடிவுற்ற போரின்போது, ஷெல் சத்தம் கேட்டவுடன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடும்பொருட்டு அரைக் கண்ணோடு உறங்கப் பழகிய தாய்மார் பலர். போர் நின்றது, அப்பழக்கம் நிற்கவில்லை. கதவு அசைந்தால் எழுந்திருப்போரும், காணாமற் போன பிள்ளையைக் கனவிலே கண்டு விழிப்போரும் இன்றும் நம் ஊர்களில் இருக்கின்றனர். இவர்களை நாம் அறிவுரை சொல்லித் தேற்றிவிட முடியாது. தீய கனவுகளுக்கும் கடந்தகால அச்சத்துக்கும் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுகளிலே முறையான சிகிச்சை உண்டு என்பதையும், அங்கே போவது பைத்தியத்துக்கு அடையாளமன்று என்பதையும் மாத்திரம் சொல்லி வைக்கின்றோம். இனி, பிள்ளைகள் கடல் கடந்து போன வீடுகள். ரொறன்ரோவிலே மகன் வேலை முடித்து வீடு திரும்பும் மாலை ஆறு மணி, யாழ்ப்பாணத்திலே கோடையில் அதிகாலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. அந்த ஒரு குரலுக்காகத் தலையணையின் கீழ் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு கிடக்கும் தாயிடம் அதனை அணைத்து வைக்கும்படி சொல்ல எமக்கு மனம் வரவில்லை. மகனிடம் சொல்லலாம்: ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் நேரம் ஒன்பது மணிக்குப் பேசினால், இங்கே அம்மா மாலை விளக்கேற்றும் வேளையிலே ஆறுதலாகப் பேசுவாள்.

நித்திரை வாராதபோது நம்மவர் முதலில் நாடுவது பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை. தடிமனுக்குக் கொடுத்த மாத்திரை மயக்கம் தருவதைக் கண்டு அதனை நாள்தோறும் விழுங்குவோரும் உளர். பெண்ணுடலும் ஆணுடலும் மருந்தை ஒரேவிதமாக ஏற்பதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். சொல்பிடெம் என்னும் நித்திரை மருந்து உலகெங்கும் இரு பாலார்க்கும் ஒரே அளவிலே கொடுக்கப்பட்டு வந்தது. பெண்ணின் உடல் அதனை மெதுவாகவே வெளியேற்றுகின்றது. காலையிலே மோட்டார் வண்டி ஓட்டும் வேளையிலும் மயக்கம் எஞ்சியிருக்கின்றது என்று கண்டு, அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013 ஆம் ஆண்டிலே பெண்களுக்குரிய அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் செய்தது. அம்மருந்து அங்கே விற்பனைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரையை உண்டு வருவோர் இதைப் படித்துவிட்டுச் சடுதியாக நிறுத்திவிட வேண்டாம், அதுவும் ஆபத்து. அவரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறைக்கலாம்.

மாத்திரைக்கு முன்னர்ச் செய்ய வேண்டியது பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சையே என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 ஆம் ஆண்டில் அறிவித்தது. அதன் சாரம் எளியது; கடைப்பிடித்தல் எளிதன்று. எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் ஒன்றாயிருக்க வேண்டும். பாயிலே கிடந்து நாளைய செலவுக் கணக்கைப் பார்க்கலாகாது. இருபது நிமிடமளவில் நித்திரை வாராவிடின் எழுந்து போய் மங்கிய வெளிச்சத்திலே அமைதியாக எதையேனும் செய்துவிட்டு, கண் சொருகும்போது மீண்டும் படுக்க வேண்டும். பகலுறக்கம் வேண்டுமாயின் மூன்று மணிக்கு முன்னர், அரை மணிநேரத்துக்கு மேற்படாமல். நித்திரை போதாதே என்று எட்டு மணிக்கே படுத்து நள்ளிரவு வரை விட்டத்தைப் பார்த்துக் கிடப்பது நோயை வளர்க்கும். இச்சிகிச்சை முறையாகச் செய்யப்படும்போது சில வாரங்களிற் பயன் தெரியும்.

ஆனால், படுத்தால் உடனே உறங்கிவிடும் தாய்க்கு இந்த விதிகளால் ஆவது என்ன? அவளுக்கு நோய் இல்லை, நேரம் இல்லை. அவளுக்குரிய மருந்து வீட்டாரின் கையில் இருக்கின்றது. இடியப்ப மாவை இரவே வறுத்து அரித்து வைக்கலாம். காலையிலே தேங்காய் துருவுதல் ஆண்மகனின் கைக்கு அடங்காத வித்தையன்று. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றத் தெரியாவிடின், அவன் படித்த இரசாயனத்தால் யாது பயன்? சீருடையைப் பத்து வயதுப் பிள்ளையே எடுத்து வைக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டிலே, பாலூட்டும் வேலையைத் தவிர்ந்த இரவு வேலைகளைத் தந்தையும் மாமியும் முறைவைத்துச் செய்யலாம்.

இவற்றை வீட்டிலே சொல்லத் தொடங்கினால் முதலில் எதிர்த்து நிற்பவள் அந்தத் தாயாகவே இருப்பாள் என்பதையும் நாம் அறிவோம். விடிந்தபின் படுத்திருக்கும் பெண்ணை மூதேவி பிடித்தவள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கின்றோம். அவளுடைய தமையன் எட்டு மணிவரை உறங்கினால் "பாவம், களைத்துப் போனான்" என்போம். இலக்குமணர் பதினான்கு ஆண்டு கண்விழித்துக் காவல் நின்றபோது அவருடைய நித்திரையையும் ஊர்மிளை அரண்மனையிலே தானே உறங்கித் தீர்த்தாள் என்று தெலுங்கு நாட்டிலே ஒரு வழக்குக் கதை உண்டு. பெண்ணொருத்தி வயிறார உறங்கிய கதையொன்று கிடைத்ததே என்று மகிழப் போனால், அதுவும் கணவரின் பங்கை அவள் சுமந்த கதையாக இருக்கின்றது!

ஏழு மணிநேரம் படுத்தும் மூன்று மாதமாக நித்திரை சரியில்லை, அல்லது பகலெல்லாம் களைப்பு நீங்கவில்லை என்போர் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். முப்பத்தைந்து வயதை அடைந்த பெண்களை இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றுக்காகச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் அரசினால் நடத்தப்படுகின்றன. அங்கே போகும்போதே நித்திரையைப் பற்றியும் வாய்திறந்து கேட்கலாம். "நித்திரை இல்லை" என்று ஒரே சொல்லாகச் சொன்னால், நெருக்கடியான வெளிநோயாளர் பிரிவிலே ஒரு மாத்திரைத் துண்டோடு திரும்பி வர நேரும். ஆகவே பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியொன்றை எடுத்து இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், இடையிலே விழித்த தடவைகள், எழுந்த நேரம், குடித்த தேநீர், மாதவிடாய் நாட்கள், உண்ணும் மருந்துகள், கால் உளைவு இருந்ததா, காலையிலே தலையிடி இருந்ததா. குறட்டை விடுகின்றீர்களா, மூச்சு நின்று வருகின்றதா என்ற பகுதியை மாத்திரம் கணவர் நிரப்பித் தருதல் வேண்டும். அதற்காக அவர் ஓரிரவு உங்களுக்குப் பின்னர் உறங்க நேரிடும்.